போர்டு வாய் திறக்கவில்லையா? ஒயர் முதல் லாகின் வரை கன்சோல் கோளாறைத் துரத்திப் பிடிக்கும் வழி

சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. கிணற்று மோட்டாரையும் சொட்டுநீர் வால்வுகளையும் நேரம் பார்த்து ஓட்டுவதற்காக மோட்டார் ரூமுக்குள் பீகிள்போன் பிளாக் என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வைத்துக் கொடுத்திருந்தேன். ஒருநாள் காலையில் தோப்புக்காரர் போன் செய்தார். “தம்பி, உங்க பெட்டி செத்துப்போச்சு. லைட்டு மட்டும் எரியுது, மோட்டார் ஓடல.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சீரியல் கேபிளைச் செருகிப் பார்த்தால், ‘ஸ்டார்ட்டிங் கர்னல்’ என்ற வரி வரைக்கும் வருகிறது, அதற்கப்புறம் பேச்சே இல்லை. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) போய்விட்டது என்று முடிவுகட்டி, கார்டை அழித்து, கையிலிருந்த அதே இமேஜை மறுபடி எழுதினேன். அதே வரி, அதே அமைதி. சாயங்காலம்தான் விஷயம் பிடிபட்டது. கர்னல் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் நான் ஏற்றிய புதிய கர்னலில் சீரியல் போர்ட்டின் பெயர் மாறியிருந்தது. பழைய பெயரை நான் மாற்றாததால் அது சொன்னதெல்லாம் இல்லாத ஒரு போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் ஏன் நின்றது என்பதற்கான லாக் முழுவதும் நான் அழித்த கார்டோடு போயிற்று. அந்தக் காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

கன்சோல் (சீரியல் ஒயர் வழியாகப் போர்டு நம்மோடு பேசும் வழி) ஏன் பேசவில்லை என்று தெரியும்வரை கார்டில் கைவைப்பதில்லை என்பது அன்றைக்கு எடுத்த சபதம். அப்போதிலிருந்து நான் பார்க்கும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன்; கீபோர்டில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

கடைசியாக ஈரம் தெரிந்த மடை எது?

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் நேராக அணைக்குப் போவதில்லை. கால்வாய் ஓரமாக நடந்து, கடைசியாக ஈரம் தெரியும் மடை எது என்று பார்ப்பார்கள். அடைப்பு அதற்கு அடுத்த துண்டில் இருக்கும். போர்டு எழுவதும் இப்படித்தான். பவர் கொடுத்ததும் சிப்புக்குள் பதிந்திருக்கும் பூட் ரோம் முதலில் ஓடும். அது எஸ்பிஎல் என்ற குட்டி லோடரை எழுப்பும். எஸ்பிஎல் மெமரியைத் தயார் செய்துவிட்டு யூ-பூட்டைக் கூப்பிடும். யூ-பூட் கர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் (போர்டில் என்னென்ன பாகம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) மெமரியில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கர்னல் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்து இனிட் என்ற முதல் புரோகிராமை ஓட்டும். இனிட் கிளப்பிவிடும் கெட்டி என்ற புரோகிராம்தான் ‘லாகின்’ என்று கேட்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இவர்கள் ஒவ்வொருவரும் சீரியல் போர்ட்டைத் தனித்தனியாக, தங்கள் கணக்குப்படி திறக்கிறார்கள். யூ-பூட் தெளிவாகப் பேசினால் ஒயர் சரி என்று அர்த்தம், அவ்வளவுதான். கர்னலும் அதே போர்ட்டில், அதே வேகத்தில் பேசும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஆகவே முதல் வேலை, கடைசியாக வந்த வரியை அப்படியே ஒரு பேப்பரில் எழுதுவது. வரியே வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

ஒயர்

என்னிடம் ‘செத்துப்போன போர்டு’ என்று வருவதில் கணிசமானவை ஒயர் கோளாறுதான். கூச்சப்படாமல் இங்கிருந்து ஆரம்பியுங்கள்.

யுஎஸ்பி-சீரியல் அடாப்டரில் மூன்றே ஒயர் போதும்: கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது). அடாப்டரின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கு, அடாப்டரின் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸுக்கு, அதாவது குறுக்காகப் போகவேண்டும். நான்காவதாக இருக்கும் சிவப்பு ஒயரை, அந்த 5 வோல்ட் முனையை, போர்டில் செருகவே செருகாதீர்கள்; டேப் சுற்றி ஓரமாக மடக்கி வையுங்கள். ராஸ்பெர்ரி பை போர்டில் 6வது பின் கிரவுண்ட், 8வது டிஎக்ஸ், 10வது ஆர்எக்ஸ். பை 5ல் இரண்டு எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்கு நடுவே இதற்கென்றே மூன்று பின் கனெக்டர் கொடுத்திருக்கிறார்கள். பீகிள்போன் பிளாக்கில் ஜே1 என்ற ஆறு பின் வரிசை: 1 கிரவுண்ட், 4 ஆர்எக்ஸ், 5 டிஎக்ஸ்.

அப்புறம் வோல்டேஜ். பெரும்பாலான போர்டுகளுக்கு 3.3 வோல்ட் லெவல்தான். 96போர்ட்ஸ் வகையைச் சேர்ந்தவற்றில் 1.8 வோல்ட். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கடையில் கிடைக்கும் மலிவான அடாப்டர்களில் 3.3க்கும் 5க்கும் மாற்ற ஒரு ஜம்பர் இருக்கும். வாங்கும்போது அது எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரின் டிஎக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்துவிடுங்கள். சும்மா இருக்கும்போது அந்த லைன் ஹை நிலையில் நிற்கும் என்பதால் லெவல் அப்படியே மீட்டரில் தெரியும். இதே அளவை பவர் கொடுத்த போர்டின் டிஎக்ஸ் பின்னிலும் எடுங்கள். 3.3 காட்டினால் அந்தப் பின் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்று நம்பலாம். 0 காட்டினால் யுஆர்ட் (சிப்புக்குள் சீரியல் போர்ட்டை ஓட்டும் பகுதி) இன்னும் திறக்கப்படவில்லை, அல்லது நீங்கள் தப்பான பின்னைத் தொட்டிருக்கிறீர்கள். பழைய ஒன்பது பின் ஆர்எஸ்-232 கேபிளை நேராக மாட்டிவிடாதீர்கள். அதன் சிக்னல் தலைகீழ், வோல்டேஜும் பிளஸ் மைனஸ் என்று எகிறும்; நடுவே மேக்ஸ்3232 மாதிரி ஒரு சிப் வேண்டும்.

அடாப்டர் மேலேயே சந்தேகமா? போர்டிலிருந்து கழற்றிவிட்டு அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு ஜம்பர் ஒயரால் சேர்த்துப் பிடியுங்கள். டெர்மினலில் தட்டுகிற எழுத்து திரும்பி வந்தால் அடாப்டர், டிரைவர், டெர்மினல் மூன்றும் சரி. அரை நிமிடச் சோதனை இது. அரை நாளை மிச்சப்படுத்தும்.

இன்னொரு கூத்து: போர்டின் பவரை எடுத்தாலும் எல்இடி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். அடாப்டரின் டிஎக்ஸ் வழியாகப் போர்டுக்குள் கரண்ட் கசிகிறது. அந்த நிலையில் மறுபடி பவர் கொடுத்தால் சிப் சுத்தமாக ரீசெட் ஆகாமல் ஒரு தடவை எழும், ஒரு தடவை எழாது. பவரை எடுக்கும்போது சீரியல் ஒயரையும் பிடுங்கிவிட்டு, சில விநாடி கழித்துப் பவர் கொடுத்து, பிறகு ஒயரை மாட்டுங்கள். முதல் சில வரி தவறிப்போகும், பரவாயில்லை.

மோட்டார் ரூமில் வேலை செய்கிறவர்கள் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுவது நல்லது. தோட்டத்து பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கும் என்று நம்பி சார்ஜரைச் செருகி, கிரவுண்ட் ஒயரைத் தொடும்போது சுரீரென்று வாங்கியவன் நான்.

உங்கள் கம்ப்யூட்டர் பக்கம்

லினக்ஸில் அடாப்டரைச் செருகியதும் டிமெசேஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி என்று தட்டுங்கள்) கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள். டிடிஒய்யுஎஸ்பி0 என்று ஒரு பெயர் வரவேண்டும் (யுஎஸ்பி மட்டும் பெரிய எழுத்து). வந்தும் திறக்க அனுமதி இல்லை என்றால், உபுண்டு, டெபியனில் உங்கள் பயனர் ‘டயல்அவுட்’ குழுவில் இல்லை. சேர்த்துவிட்டு லாகவுட் செய்து வாருங்கள். உபுண்டு 22.04ல் வேறொரு வேடிக்கை. சிஎச்340 சிப் வைத்த அடாப்டர் தோன்றிய வேகத்தில் மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று நினைத்து பிஆர்எல்டிடிஒய் என்ற சர்வீஸ் அதைப் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடுங்கள். விண்டோஸில் பிஎல்2303 சிப்பின் பழைய அல்லது போலி வகை ‘கோட் 10’ என்று அடம்பிடிக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் வேறு அடாப்டர் வாங்குங்கள்.

எழுத்து வருகிறது, ஆனால் தட்டினால் எதுவும் போகவில்லை என்ற புகார் எனக்கு அடிக்கடி வரும். மினிகாம் பயன்படுத்துகிறீர்களா? அதில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் முன்கூட்டியே ஆன் ஆகியிருக்கும். மூன்று ஒயரில் அதற்கான லைன் கிடையாது, அதனால் ‘அனுப்பலாம்’ என்ற சைகைக்காக மினிகாம் காத்துக்கொண்டே இருக்கிறது. கன்ட்ரோல்-ஏ, பிறகு ஓ. சீரியல் போர்ட் செட்டப்பில் எஃப் தட்டி ‘நோ’ ஆக்கிச் சேமித்துவிடுங்கள். நான் பிகோகாமுக்கு மாறிவிட்டேன், அதில் இந்தத் தொல்லை இல்லை. வெளியே வர கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-எக்ஸ்.

குப்பை எழுத்து

கேள்விக்குறியும் கட்டமுமாகக் கொட்டுகிறதா? நல்ல செய்தி, போர்டு உயிரோடு இருக்கிறது. வேகம்தான் பொருந்தவில்லை. வழக்கமான வேகம் 115200, எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். ராக்சிப் சிப் வைத்த பல போர்டுகள் 1500000ல் பேசும். இங்கே அடாப்டரும் இடறும்: சிபி2102 சிப் 10 லட்சத்தோடு நின்றுவிடும், எஃப்டி232ஆர் 30 லட்சம் வரை போகும். ராக்சிப் போர்டு வாங்கினால் அடாப்டரையும் பார்த்து வாங்குங்கள்.

யூ-பூட் தெளிவு, கர்னல் குப்பை என்றால் ஒயரை நோண்டாதீர்கள். கர்னலுக்குக் கொடுக்கும் ‘கன்சோல்=’ அளவுருவில் எழுதிய வேகம் வேறாக இருக்கும். அல்லது டிவைஸ் ட்ரீயில் யுஆர்ட் கிளாக் தப்பாக இருக்கும். ராஸ்பெர்ரி பை 3, 4, ஸீரோ டபிள்யூ ஆகியவற்றில் இதற்குத் தனிக்கதை உண்டு. நல்ல யுஆர்ட்டை புளூடூத் எடுத்துக்கொள்கிறது; பின்னில் வருவது மினி யுஆர்ட். அதன் வேகம் சிப்பின் கோர் கிளாக்கோடு கட்டப்பட்டது, கிளாக் ஏறி இறங்கினால் எழுத்தும் கலங்கும். கன்ஃபிக் ஃபைலில் ‘எனேபிள்_யுஆர்ட்=1’ என்று போட்டால் கோர் கிளாக் நிலையாக நிற்கும். புளூடூத் வேண்டாம் என்றால் ‘டிடிஓவர்லே=டிஸேபிள்-பிடி’ போட்டு நல்ல யுஆர்ட்டையே பின்னுக்குக் கொண்டுவந்துவிடலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

பவர் போட்டதிலிருந்தே மௌனம்

ஒயர் சரி, வேகமும் சரி, ஆனாலும் ஒன்றுமில்லை. இப்போது பூட் ரோம் பக்கம் போவோம். பீகிள்போனில் ‘சி’ என்ற பெரிய எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால், ரோமுக்கு உள் மெமரியிலும் கார்டிலும் பூட் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. சீரியல் வழியாகவாவது யாராவது அனுப்புங்கள் என்று எக்ஸ்மோடம் என்ற ஃபைல் அனுப்பும் முறையில் கெஞ்சுகிறது. போர்டு நலம், கார்டைப் பாருங்கள். கார்டிலிருந்து எழுப்ப எஸ்2 பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுக்கவேண்டும். ரீசெட் பட்டன் போதாது, ஏனென்றால் அந்தப் பின்களை பவர் வரும் கணத்தில்தான் சிப் படிக்கிறது.

பை போர்டு ஆரம்பக் கட்டத்தில் சீரியலில் பேசாது, பச்சை எல்இடியால் சிமிட்டிச் சொல்லும்: நான்கு சிமிட்டல் என்றால் ஸ்டார்ட் ஃபைல் இல்லை, ஏழு என்றால் கர்னல் இல்லை. பை 4ன் ஈப்ரோமில் ‘பூட்_யுஆர்ட்=1’ (அத்தனையும் பெரிய எழுத்து) போட்டால் அதுவும் சீரியலில் பேசும்.

பவர் சப்ளையையும் விட்டுவிடாதீர்கள். பை போர்டுகள் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும். அளவை அடாப்டர் முனையில் எடுக்காதீர்கள்; போர்டின் பின்னில், அது எழும்பும் அந்த விநாடிகளில் எடுங்கள். மெலிந்த கேபிள் அங்கேதான் அகப்படும்.

யூ-பூட்டில் நிற்பது

‘பேட் சிஆர்சி, யூஸிங் டிஃபால்ட் என்வைரன்மென்ட்’ என்று வந்தால் பதற வேண்டாம். சேமித்த அமைப்பு எதுவும் இல்லை என்கிறது. புதுப் போர்டில் அது சாதாரணம்.

எண்ணிக்கை ஓடும்போது ஒரு கீயைத் தட்டி நிறுத்துங்கள். ‘பிரிண்ட்என்வி’ அடித்தால் எல்லாம் தெரியும். ‘பூட்ஆர்க்ஸ்’ என்ற மாறியில் இருப்பதுதான் கர்னலுக்குப் போகும் வரி. பல இமேஜ்களில் ஒரு ஸ்கிரிப்டோ எக்ஸ்ட்லினக்ஸ் ஃபைலோ அதைக் கடைசி நேரத்தில் மாற்றி எழுதும் என்பதால், அங்கே மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சோதனைக்காக மாற்றும்போது ‘செட்என்வி’ மட்டும் போதும், ‘சேவ்என்வி’ அடிக்காதீர்கள். தப்பாகிவிட்டால் பவரை எடுத்துக் கொடுத்தாலே பழையபடி ஆகிவிடும்.

தட்டாமலே நிற்பதும் உண்டு. கப்பலூர் சிட்கோவில் ஓர் ஆலை. கரண்ட் போய் வந்தால் போர்டு சில நாள் எழும், சில நாள் எழாது. எழாத நாளில் கேபிளை மாட்டிப் பார்த்தால் யூ-பூட் பிராம்ப்ட் எங்களுக்காகக் காத்திருக்கிறது! பிறகு சர்வீஸுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நானே ஆர்எக்ஸ் பின்னிலிருந்து ஒன்றரை மீட்டர் ஒயரைப் பெட்டிக்கு வெளியே நீட்டி வைத்திருந்தேன். கரண்ட் வந்ததும் பக்கத்து மோட்டார் ஸ்டார்ட்டர்கள் படபடவென்று விழும்போது அந்த ஒயர் ஆன்டெனா ஆகிவிடுகிறது. ஒரு குப்பை எழுத்து உள்ளே போகிறது. யாரோ கீயைத் தட்டியதாக யூ-பூட் நினைத்துக்கொள்கிறது. ஒயரைக் கழற்றி, ஆர்எக்ஸுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டதும் சரியாயிற்று. ‘பூட்டிலே’ மாறியை -2 ஆக வைத்தால் கீயைக் கவனிக்காமலே பூட் ஆகும். ஆனால் அப்புறம் நாமும் உள்ளே நுழைய முடியாது. அதைக் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறேன்.

‘ஸ்டார்ட்டிங் கர்னல்’, அதற்குப் பிறகு அமைதி

நிறையப் பேர் விழும் குழி இது. முதலில் கேட்கவேண்டியது: கர்னல் செத்ததா, ஊமையா? நெட்வொர்க் கேபிளை மாட்டி ரவுட்டரில் புது ஐபி வருகிறதா பாருங்கள், பிங் அடியுங்கள், எல்இடி இதயத்துடிப்பு மாதிரி சிமிட்டுகிறதா கவனியுங்கள். எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழி லாகின்) கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே போய் ‘/ப்ராக்/சிஎம்டிலைன்’ ஃபைலைப் படியுங்கள். கர்னலுக்கு உண்மையில் என்ன போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ‘/ப்ராக்/கன்சோல்ஸ்’ எந்தெந்தப் போர்ட்டில் கன்சோல் திறந்திருக்கிறது என்று சொல்லும்.

போர்ட்டின் பெயர் சிப்புக்குச் சிப் மாறும். ஆல்வின்னரில் பெரும்பாலும் டிடிஒய்எஸ்0 (எஸ் பெரிய எழுத்து), ராக்சிப்பில் பொதுவாக டிடிஒய்எஸ்2, ஐ.எம்எக்ஸ் சிப்பில் டிடிஒய்எம்எக்ஸ்சி என்று தொடங்கும், ஸிங்க் சிப்பில் டிடிஒய்பிஎஸ்0 (பிஎஸ் பெரிய எழுத்து), எஸ்டிஎம்32எம்பி வகையில் டிடிஒய்எஸ்டிஎம்0 (எஸ்டிஎம் பெரிய எழுத்து). தோப்பில் என்னைக் கவிழ்த்தது டிடிஒய்ஓ0 (நடுவில் ஓ பெரிய எழுத்து): பழைய ஓமேப் டிரைவர் வைத்த பெயர் அது, புதிய 8250 டிரைவரில் டிடிஒய்எஸ்0. பை போர்டில் ‘சீரியல்0’ என்று எழுதுவது பாதுகாப்பு. எந்த யுஆர்ட் பின்னுக்கு வந்திருக்கிறதோ அதை அது தானே பிடித்துக்கொள்ளும். பை கார்டின் பூட் பகுதியில் இதை எழுதும் ‘சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி’ ஃபைலில் எல்லாமே ஒரே வரியில் இருக்கவேண்டும். எடிட்டர் வரியை உடைத்துவிட்டால் கதை முடிந்தது.

பெயர் நிச்சயமில்லை என்றால், கன்சோல் அளவுருவையே எடுத்துவிட்டுப் பாருங்கள். டிவைஸ் ட்ரீயின் ‘சோஸன்’ பகுதியில் ‘ஸ்டட்அவுட்-பாத்’ ஒழுங்காக இருந்தால் கர்னல் அதையே எடுத்துக்கொள்ளும். இந்த எளிய வழியை முயன்று பார்க்காமலே பெயர்ப் பட்டியலோடு மல்லாடுகிறவர்கள் அதிகம்.

நெட்வொர்க்கிலும் வரவில்லையா? பூட்ஆர்க்ஸில் ‘இயர்லிகான்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சேருங்கள். முழு டிரைவர் எழுவதற்கு முன்பே கர்னல் பேச ஆரம்பிக்கும். கூடவே ‘க்வயட்’ என்ற சொல் இருந்தால் தூக்கிவிட்டு ‘இக்னோர்_லாக்லெவல்’ போடுங்கள். இயர்லிகான் போட்டும் ஒரு வரிகூட இல்லை என்றால் டிவைஸ் ட்ரீ வேறு போர்டுடையதா, ஏற்றிய முகவரி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா என்று பாருங்கள். நிறைய வரி வந்து, ‘பூட்கன்சோல் டிஸேபிள்ட்’ என்று சொல்லிவிட்டு நின்றால் கர்னல் நலம். உண்மையான கன்சோல் பொறுப்பேற்ற இடத்தில்தான் கோளாறு. பெயர், பின்மக்ஸ் (எந்தப் பின்னுக்கு எந்த வேலை என்ற அமைப்பு), கிளாக் மூன்றில் ஒன்று. ‘கீப்_பூட்கான்’ சேர்த்தால் அதற்குப் பின்னால் வருவதையும் படிக்கலாம்.

இரண்டு கன்சோல் கொடுத்திருக்கிறீர்களா? கர்னல் செய்தி இரண்டிலும் வரும், ஆனால் கடைசியாக எழுதியதுதான் ‘/டெவ்/கன்சோல்’ ஆகும். கடைசியில் டிடிஒய்1 (எச்டிஎம்ஐ திரை) இருந்தால் கர்னல் வரிகள் சீரியலில் ஓடி முடிந்து, இனிட்டின் பேச்செல்லாம் எச்டிஎம்ஐ பக்கம் போய்விடும். சீரியலில் பார்க்கிறவருக்குப் போர்டு பாதியில் தொங்கியதுபோல இருக்கும்.

கர்னல் பேசுகிறது, லாகின் இல்லை

‘அனேபிள் டு மவுன்ட் ரூட்’ என்று பேனிக் ஆனால் கன்சோல் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. அடைப்புக்குறிக்குள் 0,0 என்றால் ரூட் டிவைஸையே கர்னலுக்குத் தெரியவில்லை: பெயர் தப்பு, அல்லது டிரைவர் இல்லை. எஸ்டி கார்டு மெதுவாக எழுவதாலும் இது வரும், ‘ரூட்வெயிட்’ சேருங்கள்.

‘அனேபிள் டு ஓபன் அன் இனிஷியல் கன்சோல்’ என்ற எச்சரிக்கை கையால் கட்டிய ரூட் ஃபைல் சிஸ்டத்தில்தான் வரும். டெவ் ஃபோல்டருக்குள் கன்சோல் நோடு இல்லை. கர்னலில் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் (டெவ் நோடுகளைத் தானே உருவாக்கும் வசதி) தானாக மவுன்ட் ஆகும்படி வைத்தால் தீரும். மெமரியிலேயே ஏறும் ரூட்டான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு அது பொருந்தாது, அங்கே ‘எம்க்நோட்’ கட்டளையால் கேரக்டர் டிவைஸ் 5, 1 என்று நீங்களே செய்து வைக்கவேண்டும்.

எல்லா வரியும் ஓடி முடிந்து கர்சர் மட்டும் மின்னுகிறது என்றால் கெட்டி. சிஸ்டம்டி என்ற இனிட் இருக்கும் போர்டில், கர்னல் கன்சோலைப் பார்த்து ‘சீரியல்-கெட்டி’ தானாகவே எழும். எழவில்லை என்றால் அந்த சர்வீஸின் நிலையைப் பாருங்கள். பிஸிபாக்ஸ் என்ற எளிய இனிட் இருக்கும் போர்டில் ‘இனிட்டேப்’ ஃபைலில் போர்ட் பெயர் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும்; கர்னலில் பெயரை மாற்றிவிட்டு இங்கே மறந்துவிடுவது எல்லாரும் செய்வதுதான். லாகின் வந்து, சரியான பாஸ்வேர்டையும் ரூட்டுக்கு மறுக்கிறதா? சில பழைய இமேஜ்களில் ‘செக்யூர்டிடிஒய்’ ஃபைலில் அந்தப் போர்ட்டின் பெயர் இருக்கவேண்டும்.

கிளம்புவதற்கு முன்

இப்போதெல்லாம் கேபிளை மாட்டிய உடனே பிகோகாமின் லாக்ஃபைல் வசதியை ஆன் செய்துவிடுகிறேன். ஸ்கிரீனில் ஓடிப்போகும் வரியை நம்புவதில்லை. சிஸ்டம்டி போர்டுகளில் ‘/வார்/லாக்/ஜர்னல்’ ஃபோல்டரை உருவாக்கி வைத்தால் கரண்ட் போய் வந்தபிறகும் பழைய லாக் இருக்கும். கார்டில் சந்தேகம் வந்தால் அழிப்பதற்கு முன் டிடி கட்டளையால் ஒரு முழு நகல்.

தோப்புப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கிறேன்: எந்தப் பின் எது, என்ன வேகம், போர்ட் பெயர், நல்ல நிலையில் எழும்போது வரும் கடைசி வரி. போன தடவை தோப்புக்காரர் போன் செய்தபோது மூடியைத் திறந்து அவரே படித்துச் சொன்னார். “தம்பி, நீங்க எழுதுன லைட்டு ஏழு தடவை சிமிட்டுதுன்னா என்னா?” அந்த வருடம் அங்கே பை போர்டு மாற்றியிருந்தோம்; ஏழு சிமிட்டல் என்றால் கர்னல் இல்லை. மதுரையிலிருந்து புறப்படும்போதே வேறு கார்டில் கர்னலை ஏற்றி எடுத்துக்கொண்டு போனேன்.